வக்கீலம்மா வெட்டிய பேனர்

அன்பு மகள் சுதாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் நைனாவும் தணிகை முருகன் தயவில் சுகம், என் முழங்கால் மட்டும் அவருக்குக் கட்டுப்படாமல் தனிக்கட்சி நடத்துகிறது. இந்தூரில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ கேட்ட இரண்டு ஜாக்கெட்டையும் தைத்து இதோடு அனுப்பியிருக்கிறேன், நீ சொன்ன அளவைவிட அரை அங்குலம் கூட்டித்தான் தைத்தேன், வீடியோவில் உன்னைப் பார்த்தேனே. கீழே எழுதும் சேதியைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் என் தையல் கடையில் துணியைவிடக் காதுகள் அதிகம்.

கனகம்மாசத்திரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற வக்கீல் யோகலட்சுமியை உனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்காக மட்டும் வழக்கு நடத்துகிறவர். நம் பக்கத்துக் குழந்தை ஒன்றைப் படிக்க வைக்கிறோம் என்று வெளியூருக்கு அழைத்துப்போய், வீட்டு வேலை வாங்கி, சூடும் வைத்தார்கள் சில புண்ணியவான்கள். இரண்டு வருஷம் விடாமல் நடத்தி அவர்களுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்து, குழந்தையைத் திரும்பப் பள்ளியில் சேர்த்தது இந்த வக்கீலம்மாதான். சாட்சி சொல்வதற்கு முந்தின வாரமே குழந்தையைக் காலியான கோர்ட்டுக்கு அழைத்துப்போய் யார் யார் எங்கே உட்காருவார்கள் என்று காட்டினாராம். நடுவில் ஒன்றுக்கு வந்தால் கையைத் தூக்கு, ஜட்ஜ் ஐயாவும் காத்திருப்பார் என்றாராம். எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தியபோது எழுந்து, குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கும் என்றாராம். எல்லாம் அதன் வீட்டார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாற்பது பேர் முன்னால் நன்றியுரை வாசிக்கவே கால் நடுங்குகிறவள் நான், கேட்கக் கேட்க மலைத்துப்போனேன்.

எங்கள் மகளிர் குழு குழந்தைகள் தினத்தன்று அவருக்குச் சால்வை போடுவதாக முடிவு செய்தது. பேனர் பொறுப்பு எனக்கு, விடுவேனா? நடுவில் வக்கீலம்மா, கீழே குழு உறுப்பினர்கள் பதினோரு பேர், அதில் என் முகம் மட்டும் கொஞ்சம் பெரிது, பேனர் அடித்தவர் தவறு என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பக்கத்து மூலையில் அந்தக் குழந்தையின் படம், பெயர், வகுப்பு. அவர் செய்தது ஊருக்கு விளங்க வேண்டாமா? வீட்டாரும் நன்றியில் படத்தைக் கொடுத்துவிட்டார்கள். முந்தின நாள் மூன்றரை மணிக்குக் கடை வாசலில் அதைக் கட்டிவிட்டு, எதிரே நின்று என்னையே ரசித்துக்கொண்டிருந்தேன்.

விழா நேரம் கேட்க வந்த வக்கீலம்மாவுக்கு அதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. ஸ்கூல் ஆட்டோ இந்த வழியாகத்தானே வரும் என்றார். ஆங், நாலு மணிக்கு வரும், பிள்ளைகள் எல்லாம் பார்க்கும் என்று பெருமையாகச் சொன்னேன். அந்த ஆட்டோவில்தான் அந்தக் குழந்தையும் வரும். நாலடிக்க ஐந்து நிமிஷம். என் மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். நான் சொன்னது என்ன தெரியுமா, வெட்கத்தோடு எழுதுகிறேன், அது துணி வெட்டுற கத்தரிம்மா, கூர் மழுங்கிடும் என்றேன். அவர் வெட்டிக்கொண்டே சொன்னார், "ரெண்டு வருஷமா கோர்ட்டு பேப்பர்ல கூட இந்தப் புள்ள பேரு வெளிய வராம பாத்துகினு இருக்கேன்க்கா. சட்டமும் அதான் சொல்லுது. நாளைக்கு அது கணக்கு தப்பா போட்டா, தப்பா போட்டதுக்குத்தான் டீச்சர் திட்டணும். சூடு பட்ட புள்ளயாச்சேனு ஒருத்தரும் பாவம் பாக்கக் கூடாது."

வெட்டின வேகத்தில் என் முகத்திலும் பாதி போய்விட்டது. மூலை கையோடு வரவும் ஆட்டோ வரவும் சரியாக இருந்தது. அவர் அதை மடித்துப் பையில் போட்டு, குழந்தை தன்னைப் பார்த்துக் கூப்பிட்டுவிடாமல் ரோட்டுக்கு முதுகைக் காட்டி, தையல் கூலி விசாரிக்க வந்தவர் போல நின்றார். பிள்ளைகள் ஒற்றைக் கண்ணோடு பல்லிளித்த என் படத்தைக் காட்டிச் சிரித்தார்கள். அந்தக் குழந்தையும் சிரித்தது, மற்ற பிள்ளைகளைப் போலவே. ஆட்டோ தெருமுனை திரும்பின பிறகுதான் வக்கீலம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். வேறு யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். நல்லவேளை தூறல், என்னை நின்று பார்க்க என்னைத் தவிர தெருவில் ஆளில்லை.

மறுநாள் அந்த ஓட்டைப் பேனருக்குக் கீழேயே சால்வை போட்டோம். இரண்டு நிமிஷம் பேசினார், குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாமெல்லாம் தோசை சுட்டாலே ஊருக்குப் படம் அனுப்புகிறோம், இவர்கள் ஜெயித்ததைக்கூட வெளியே சொல்லாமல் அடுத்த பிள்ளைக்காக பஸ் ஏறுகிறார்கள். கை சிவக்கத் தட்டினேன் சுதா.

இப்போது என் பாடுதான் திண்டாட்டம். மூலையில் யார் இருந்தது என்று அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், நான் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொள்கிறேன். உன் நைனா மூன்று நாளாக வெங்காயம் உரித்துக் கொடுத்துக் கெஞ்சுகிறார், பெண்ணா பையனா என்றுகூடச் சொல்லவில்லை. நான் ரகசியம் காத்த சரித்திரம் நம் வீட்டில் கிடையாது, அது உனக்கே தெரியும். அதனால் போன் பண்ணும்போது நீயும் கேட்காதே, நீ கேட்டால் சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. முருகன் உனக்கு எல்லா நலமும் கொடுக்கட்டும். ஒரு ஞாபகம், இதில் எங்கேயாவது என்னை அறியாமல் அந்தப் பெயரை எழுதியிருந்தால், படிக்காமல் பேனாவால் அடித்துவிடு.

இப்படிக்கு,
வாயை மூடப் பழகிக்கொண்டிருக்கும் உன் அம்மா,
பிரேமா