கடலில் இறங்கும் முன்

பிப்ரவரி 11, செவ்வாய்.

இளைஞர் நலத் துறை அதிகாரி இன்று வந்து போனார். எங்கள் பங்குக் கோயில் நடத்தும் கடல் நீச்சல் பயிற்சிக்கு அரசு நிதி தொடர வேண்டுமென்றால், மத அடையாளம் எதுவும் இருக்கக் கூடாது. படகிலிருந்த மாதா படத்தை நேற்றே கழற்றிவிட்டேன். கடலில் கால் வைக்கும் முன் தண்ணீரைத் தொட்டுச் சிலுவை போடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். இன்று ஒருநாள் அது வேண்டாமென்று பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன். கருப்பட்டிக் கடை அண்ணாச்சி மகள் இசக்கியம்மாளிடம் மட்டும் சொல்லவில்லை. இந்துப் பிள்ளையிடம் இதைச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மற்ற பிள்ளைகள் கையைக் கட்டிப்போட்டதுபோல் இறங்கினார்கள். அவள் மட்டும் குனிந்து தண்ணீரைத் தொட்டு, நெற்றி, நெஞ்சு, தோள் என்று நிதானமாகப் போட்டாள்.

அதிகாரி அவள் பெயரைக் கேட்டார். சொன்னாள்.

"அப்போ நீங்க நீச்சல் மட்டும் சொல்லிக் குடுக்கல" என்றார் என்னிடம். நான் வாய் திறப்பதற்குள் எழுதிவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். இனி நிதி வராது. விஷயம் தெரிந்தால் அண்ணாச்சியும் அவளை அனுப்ப மாட்டார்.

ஜீப் போனதும் கேட்டேன். "ஏளா, நீ எதுக்குப் போட்ட?"

"யாருமே போடல டீச்சர். மறந்துட்டாவன்னு நெனச்சேன். அதான் எல்லாருக்கும் சேத்து நான் போட்டேன்."