பதின்மூன்றாம் எபிசோடு

பிளாக் 18, நெய்வேலி
23.06.2024, ஞாயிறு

பாப்பா ஏஞ்சலினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் உன்னை நலமாக வைத்திருப்பார். என்னையும் ஏதோ வைத்திருக்கிறார்.

நீ சிஸ்டர் ஆகப் போகிறேன் என்று நவதுறவகத்துக்குப் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான், அதையும் பொறுப்பு சிஸ்டர் பிரித்துப் படித்த பிறகுதான் உன் கைக்கு வரும் என்று சொல்லியிருந்தாய். சிஸ்டர், வணக்கம். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. நானும் மகளும் பாதியில் விட்ட ஒரு ஜப்பான் கார்ட்டூன் கதைதான். மீதி நாலு எபிசோடையும் பார்த்து எழுதச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

உங்களுக்கும் புரிய வேண்டுமே என்று முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். மலைமேல் ஒரு மணிக்கோபுரம். ஊரில் யார் செத்தாலும் அவர்கள் குரல் ஒரு மணிக்குள் போய்விடும். மணி அடித்தால் அந்தக் குரல் ஊருக்கே கேட்கும். மணிகளைக் காப்பவள் சுமிரே என்ற பெண். குரல்கள் ஒவ்வொன்றாகத் திருடுபோகின்றன. அவளுக்குத் துணை ஒரு கொக்கு. அது பொய் மட்டும்தான் பேசும். அது சொல்வதைத் திருப்பிப் போட்டுத்தான் அவள் துப்பு கண்டுபிடிக்க வேண்டும்.

பத்தாவது எபிசோடைப் பார்த்தேன் பாப்பா. கீழே ஓடும் இங்கிலீஷை நிறுத்தி நிறுத்திப் படிப்பதால் இருபத்து மூன்று நிமிடப் படம் எனக்கு ஒரு மணி நேரம் ஓடியது. திருடன் கோபுரத்துக்கு வெளியே இருக்கிறான் என்று கொக்கு சொல்வதோடு முடிகிறது. முதலில் குறை. நானூறு படி ஏறுகிறாள், நடுவில் நின்று மூச்சு வாங்க ஓர் இடம் இல்லை. எங்கள் மைன்ஸில் இப்படி ஏணி கட்டினால் சேஃப்டி ஆபீசர் உயிரோடு விடமாட்டார். சுமிரேயின் கண் அவள் கையைவிடப் பெரிதாக இருக்கிறது. நிறை என்றால், நீ சொன்னதுதான். இந்தக் கதை ஏமாற்றுவதில்லை. கடைசியில் வருகிற எதையும் முன்னாலேயே ஒருமுறை காட்டிவிடுகிறார்கள். பார்க்காமல் விட்டது நம் தப்பு.

பக்கத்து வீட்டு உமாராணி எட்டிப் பார்த்து, "இன்னா சார், தனியா உக்காந்துகினு பொம்மப் படம் பாக்குறீங்க?" என்று கேட்டது. பண்ருட்டிப் பலாச்சுளை கொடுத்துவிட்டுப் போனது. நாலு சுளை தின்றேன், மீதியைத் தின்ன ஆளில்லை.

அன்புடன்
அப்பா சைமன்ராஜ்


14.07.2024

என் அப்பாவுக்கு, ஏஞ்சலின் எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதம் வந்த அன்று பொறுப்பு சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். எதற்கோ திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டே போனேன். "ஏம்மா, அந்தக் கொக்கு பொய்தானே சொல்லுது, அப்ப திருடன் கோபுரத்துக்கு வெளிய இருக்கான்னு சொன்னா உள்ளதானே இருக்கணும்?" என்றார்! மாலையில் எல்லோரும் பேசிச் சிரிக்க எங்களுக்கு அரைமணி நேரம் உண்டு. அதில் உங்கள் கடிதத்தை வாசிக்கச் சொன்னார். பதினோரு பேருக்கும் இப்போது நீங்கள்தான் டி.வி. அப்பா.

இங்கே காலை நாலரைக்கு எழுந்திருக்கிறோம். எனக்குத் தோட்ட வேலை. கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விடும்போது அம்மா நினைவு வருகிறது. அம்மா போன பிறகு நாம் இரண்டு பேரும் சாப்பிடும்போது பேச ஒன்றும் இல்லாமல்தானே அந்தத் தொடரைப் போட்டோம்? அது முடியக் கூடாது என்றுகூட அப்போது நினைத்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பி ஷிஃப்ட் என்றால் வெறும் டீயோடு போய்விடாதீர்கள்.

உங்கள்
ஏஞ்சலின்


நெய்வேலி
20.10.2024

பாப்பாவுக்கும், திருடனைத் தேடும் பதினோரு பேருக்கும், சிஸ்டருக்கும்.

ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வெறும் நலம் விசாரித்து எழுதிவிட்டேன் என்று கோபம் வேண்டாம். கதை சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்றுதான். இப்போது பதினொன்றையும் பன்னிரண்டையும் சேர்த்துப் பார்த்தேன்.

பதினொன்று சுத்த வேஸ்ட். ஊரே குரல் இல்லாமல் தவிக்கிறது, இவர்கள் வெந்நீர் ஊற்றில் குளித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஓடுகிற காட்சியை மூன்று தடவை திருப்பிப் போட்டு நேரத்தை ஒப்பேற்றிவிட்டார்கள். பன்னிரண்டு அப்படி இல்லை. திருடன் யார் என்று தெரிந்துவிட்டது. தினமும் கோபுரத்துக்கு ரொட்டி கொண்டுவரும் கிழவர்! எல்லா எபிசோடிலும் முதல் ஐந்து நிமிடத்தில் வருகிறார், மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்கிறார், நாம் ஒருநாளும் அவரைச் சந்தேகப்படவில்லை. அவர் மனைவியின் குரலும் ஒரு மணிக்குள் இருக்கிறது. அது ஊருக்கெல்லாம் கேட்பது அவருக்குப் பொறுக்கவில்லை. தன் வீட்டுக்குள், தனக்கு மட்டும் கேட்க வேண்டும் என்று எடுத்துப் போயிருக்கிறார். எது அவள் மணி என்று தெரியாமல் ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறார்.

அவரைத் திருடன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏப்ரல் முப்பதோடு எனக்கு ரிடையர்மென்ட். அப்புறம் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். குறிஞ்சிப்பாடியில் உன் சித்தப்பா, "வந்துடுண்ணா, மாடி சும்மாதான் கெடக்குது" என்கிறான். பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டிருக்கிறேன். நீ மே மாதம் துறவற வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முன்னால் மனசு மாறி வந்தால், உனக்கு வர ஒரு வீடு வேண்டாமா?

அப்பா


நெய்வேலி
09.02.2025

பாப்பா,

பதின்மூன்றாம் எபிசோடைப் பார்த்துவிட்டேன். அருமை. குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

ரொட்டிக்காரர் குரல்களைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். ஊர் அவரை மன்னிக்கிறது. அப்போது கீழேயிருந்து ஆள் வருகிறது. சுமிரேயின் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, தனியாகப் படுத்திருக்கிறார் என்று. இத்தனை நாள் ஊரார் குரலைக் காத்தேன், பெற்றவர் குரலைக் கேட்கவில்லையே என்று அவள் அழுகிறாள். சாவியை வேறு ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு நானூறு படியும் இறங்கி வீட்டுக்கு வருகிறாள். அப்பாவும் மகளும் சூடாகச் சாதம் சாப்பிடுகிறார்கள். மணி வேறு யாரோ அடிக்கிறார்கள், அது நன்றாகவே கேட்கிறது. அவ்வளவுதான் கதை.

எல்லோருக்கும் வாசித்துக் காட்டு.

அப்பா


09.03.2025

அன்பு அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. பொறுப்பு சிஸ்டர் கவரை என் கையில் கொடுத்து, "இந்த எபிசோட நீ மட்டும் படிம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அப்பா, சுமிரேவுக்கு அப்பா கிடையாது. இரண்டாம் எபிசோடில் அவளை மணிக்கயிற்றுக் கூடையில் யாரோ போட்டுவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்துவிட்டு, பெத்தவன் மனுசனா அவன் என்று நீங்கள் திட்டினீர்கள். முன்னால் காட்டாத எதையும் இந்தக் கதை கடைசியில் கொண்டுவராது என்று நாம் இருவரும்தானே சொன்னோம்? அது போகட்டும். எந்த எபிசோடுக்கும் குறை சொல்லாமல் விடாத மனுஷன், இதில் குறையே இல்லை என்று எழுதியபோதே எனக்குப் புரிந்துவிட்டது.

உங்கள் பதின்மூன்றில் ஒரு குறை இருக்கிறது, நான் சொல்லலாமா? ஆள் வந்து கூப்பிடுகிறது, அவள் அழுகிறாள், இறங்குகிறாள். உனக்கு என்னம்மா வேண்டும் என்று அவளை யாருமே கேட்கவில்லை.

திரும்பி வர நினைத்ததே இல்லை என்று சொன்னால் நானும் அந்தக் கொக்கு ஆகிவிடுவேன். ஆகஸ்டில் பெட்டியைக்கூடக் கட்டினேன். ஆனால் வர நினைத்தபோதெல்லாம் உங்களுக்காக நினைத்தேன். எனக்கென்று நினைத்தபோது இங்கேதான் இருக்க ஆசைப்பட்டேன். இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. நீங்கள் தனியாகச் சாப்பிடுவதை நினைத்து நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறேன், அதுவும் உண்மை.

மே 24, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வார்த்தைப்பாடு. கோவில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் பெற்றவர்கள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது இங்கே வழக்கம். அம்மா இல்லை. நீங்கள் வராவிட்டால் ஒரு சிஸ்டர் கூட்டிப் போவார். அதற்காக உங்கள்மேல் வருத்தப்பட மாட்டேன் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

உண்மையான பதின்மூன்றை எழுதுங்கள் அப்பா.

ஏஞ்சலின்


நெய்வேலி
04.05.2025, ஞாயிறு

பாப்பாவுக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. வெட்கம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன், அதுவும் உன்னிடம். சிஸ்டரிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

முப்பதாம் தேதி மாலை போட்டு அனுப்பினார்கள். செக்ஷனில் கலியமூர்த்தி பேசும்போது, "சைமன் அண்ணன் கரி பெல்ட்டு ஓடற சத்தத்த வச்சே எந்த ரோலர் போச்சுன்னு சொல்லிடுவாரு" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டான். நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உன் கட்டில்மேல் வைத்தேன். சித்தப்பாவிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உன் புத்தகப் பெட்டி அங்கே இருக்கும்.

உண்மையான பதின்மூன்று இதுதான். ரொட்டிக்காரர் மணிகளைக் கொண்டுவந்து வைக்கிறார். ஊர்ப் பெரியவர்கள், நீ போய்விடலாம், உன் வேலை முடிந்தது என்று சுமிரேவிடம் சொல்கிறார்கள். அவள் எங்கேயும் போகவில்லை. மேலேயே இருக்கிறாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவளுக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது. கிழவரைப் பக்கத்தில் நிற்கவைத்து அவர் மனைவியின் மணியை அடிக்கிறாள். ஊருக்கெல்லாம் கேட்கிறது. முதல் தடவையாக அவர் காதைப் பொத்தாமல் நிற்கிறார். அதோடு முடிந்துவிட்டது.

நிறை: அந்தக் கடைசி ஒரு நிமிடம் பாட்டு இல்லை, பேச்சு இல்லை. மணி மட்டும். நான் அதை நாலு தடவை பார்த்தேன். குறை: படி இறங்கிப் போன அந்தக் கிழவர் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்தார் என்று காட்டவே இல்லை. அதைக் காட்டியிருக்க வேண்டும் பாப்பா. எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது. எனக்குத் தனியாக இருக்கத் தெரியாது. உன் அம்மா போன பிறகு நீ இருந்ததால் நான் அதைக் கற்றுக்கொள்ளவே இல்லை. அது உன் தப்பு இல்லை.

இருபத்து மூன்றாம் தேதி விருத்தாசலத்தில் ரயில் ஏறுகிறேன். புது வேட்டி எடுத்துவிட்டேன். வாசலிலிருந்து பீடம் வரைக்கும் நான்தான் கூட்டிப் போவேன், வேறு யாரும் வேண்டாம்.

அங்கே போய் நின்ற பிறகு கையை விடுவதற்குத்தான் எனக்குக் கொஞ்சம் நேரமாகும். சிஸ்டரிடம் இப்போதே சொல்லி வை.

அப்பா