பதினோராவது போர்ட்டின் விளக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று போனில் நீங்கள் இருமியதைத்தான் முதலில் கவனித்தேன். டாக்டரிடம் காட்டினீர்களா? நான் நலம்.

இங்கே வேலையிடத்தில் ஆஸ்பத்திரியின் கணினிக் கோப்புகள் உள்ள சேமிப்புப் பெட்டிகளை சுவிட்ச் என்ற கருவியில் இணைத்திருக்கிறார்கள். அதில் கம்பி செருகும் துளைக்குப் போர்ட் என்று பெயர். இன்று பழைய பெட்டி ஒன்றின் கம்பியைப் பதினோராவது போர்ட்டில் செருகினோம். விளக்கு பச்சையாகாமல் மஞ்சளிலேயே நின்றது.

"நீயே சரிபண்ணு. தப்பான போர்ட்டை மூடினே, ஆஸ்பத்திரியே நின்னுடும்" என்றார் மேற்பார்வை அக்கா. சரியாகச் செய்தால் இனி தனியாக வேலை தருவார்கள். இல்லையென்றால் மறுபடியும் அட்டைப்பெட்டி தூக்க வேண்டியதுதான்.

எந்தப் போர்ட் என்று உரக்கச் சொன்ன பிறகே கணினியில் கட்டளையைத் தட்ட வேண்டும் என்பது இங்கே விதி. கருவிகளின் விசிறிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"யாருக்கு ரகசியம் சொல்றே?" என்றார் அக்கா.

"பதினொண்ணை மூடறேன்க்கா" என்று கத்தினேன்.

போர்ட்டுக்கு வைத்திருந்த வேகம் அந்தப் பழைய பெட்டிக்கு அதிகம். பாதியாகக் குறைத்துவிட்டுத் திறந்தேன். பச்சை வந்தது.

"தொண்டை இருக்கே உனக்கு" என்று சிரித்தார் அக்கா.

நீங்கள் இருமலோடு போனில் மூச்சுவிடாமல் பேசாதீர்கள், மெதுவாகப் பேசுங்கள். பேச ஒன்றும் இல்லையென்றாலும் கொஞ்ச நேரம் போனை வைக்காமல் இருங்கள்.

மிச்சப் போர்ட்டுகளைப் பார்க்க அக்கா கூப்பிடுகிறார். "வரேன்க்கா" என்று இங்கிருந்தே குரல் கொடுத்துவிட்டேன்.

உங்கள் வாயில்லாப் பூச்சி