மூன்றாவது வளைவில் பூசிய சாந்து

சவேரியார் துணை

நவம்பர் 26, புதன் காலை

அன்பு மகள் பிரின்ஸிக்கு அப்பா எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளையும் குவைத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உங்கள் பெயரைச் சொல்கிறோம். இங்கே அம்மா, உன் மகள் எல்சி, நான் மூவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அவர்கள் இருவரும் நலம். எனக்குத்தான் பயமாக இருக்கிறது மகளே. நேற்றுப் போனில் ஏம்ப்பா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாய், மழைச் சளி என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் உன் அம்மா நின்றாள், வேறு என்ன சொல்ல. மழையும் பொய்யில்லை, ஐப்பசி முழுக்கக் கொட்டித் தீர்த்தது, நம் மூன்று மா வயலில் தண்ணீர் வடிந்ததே போன வாரம்தான்.

நம் சவேரியார் கோயில் கூரையின் உள்பூச்சு வேலையை நான் எடுத்தது உனக்குத் தெரியும். பழைய கட்டடம், சுண்ணாம்புச் சாந்துதான் பூச வேண்டும், சிமெண்ட் ஒரு கரண்டி கூடச் சேரக் கூடாது என்று இன்ஜினியர் அம்மா முதல் நாளே சொன்னார்கள். நானும் சுண்ணாம்பை ஒரு மாதம் ஊறப்போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துத்தான் முதல் இரண்டு வளைவையும் பூசினேன். கல்லாக நிற்கிறது. பீடத்திலிருந்து மூன்றாவது வளைவுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பத்து நாளாகியும் விரல் வைத்தால் பதிகிறது. டிசம்பர் மூன்று பெருநாள், அன்றைக்குத்தான் எல்சி முதல் முறையாக நற்கருணை வாங்கும் புதுநன்மை. என் பேத்தி நன்மை வாங்கும்போது தலைக்கு மேல் சாரம் நிற்பதா என்று எனக்கு வீம்பு. மழையில் இன்ஜினியர் அம்மாவும் வரவில்லை. ஈரப் பூச்சைச் சுரண்டிவிட்டு, சாந்தில் இரண்டு மூட்டை சிமெண்டைக் கலந்தேன். கூட வேலை செய்யும் அரசப்பன், வேணாம்ண்ணே, செங்கல் ஈரம் உள்ளயே நின்னுடும், பூச்சு பாளமா கழண்டுடும் என்றான். யார் கொத்தனார், நீயா நானா என்று கத்தினேன். சாரத்தைப் பிரித்து, பங்குச் சாமியார் கையால் சால்வையும் போர்த்திக்கொண்டேன்.

திங்கள் காலை கோயிலுக்குள் போனால், மூன்றாவது வளைவுக்குக் கீழே பாய் விரிக்கிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு கிடந்தது. கோயில்பிள்ளை பெருக்க வருவதற்குள் திருடன் மாதிரி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நீள மூங்கிலால் மேலே தட்டிப் பார்த்தேன். மற்ற இரண்டு வளைவும் கெட்டியாகச் சத்தம் கொடுக்கின்றன, இது காலிப் பானையாகக் கேட்கிறது. ஒரு கட்டில் அகலத்துக்குப் பூச்சு செங்கல்லை விட்டுத் தனியே நிற்கிறது. புதுநன்மைப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் சாயங்காலம் பாட்டுப் பழக அதற்கு நேர் கீழேதான் உட்காருகிறார்கள். இரண்டு நாளாக நான் வாயைத் திறக்கவில்லை. நேற்று எல்சி நன்றாகப் பாடினாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு ஒரு வரி காதில் ஏறவில்லை, மேலேயே பார்த்துக்கொண்டு நின்றேன். காய்ச்சல் என்று சொல்லி இன்று அவளை மட்டும் வீட்டில் நிறுத்திக்கொள்ளலாமா என்று யோசித்தேன். பிறகுதான் மற்ற இருபத்தொரு பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். என் புத்தி போன போக்கைப் பார். அதை நினைத்தால்தான் இன்னும் பயமாக இருக்கிறது.

நாகூர் மூஸா, உன் கம்பெனியில் வேலை பார்ப்பவர், இன்று குவைத்துக்குப் புறப்படுகிறார். ஒன்பது மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் நிற்பார். இதை அவரிடம் கொடுத்துவிட்டு நேராகச் சாமியார் வீட்டுக்குப் போகிறேன். கோயிலைப் பூட்டச் சொல்லப்போகிறேன். பெருநாள் பந்தலில் நடக்கட்டும். ஊர் என்னை என்ன சொல்லுமோ தெரியாது, எது உன் காதுக்கு வந்தாலும் அது உண்மைதான், கலந்தது நான்தான், அரசப்பன் இல்லை.

நீ அனுப்பிய வெள்ளைக் கவுன் இடுப்பில் தொளதொள என்று இருந்தது, அம்மா பிடித்துத் தைத்துவிட்டாள். நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. ஆண்டவர் உங்கள் இருவரையும் கைவிடாமல் காக்கட்டும். எனக்காகவும் ஒரு அருள்நிறைந்த மரியே சொல். இதெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். எழுதாவிட்டால் சாமியார் வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். மூஸா கையில் இது போன பிறகு திரும்ப முடியாது.

உன் அப்பா,
சகாயநாதன்