ஜெனியின் முதல் சொல்

ஞாயிறு, இரவு.

ஜெனி பேசிவிட்டாள்! இரண்டரை வயதாகியும் ஒரு சொல்கூடப் பேசாத என் மகள் இன்று பேசிவிட்டாள்.

ஓப்பநாயக்கவில் பஸ் ஏறி, சமனலவெவ நீர்த்தேக்கம் பார்க்க நானும் என் கணவரும் ஜெனியுமாக மூன்று பேரும் போயிருந்தோம். கரையில் இறக்கிவிட்டதுமே தண்ணீரைக் காட்டி, "வத்துர!" என்று கத்தினாள்.

"கேட்டியா புள்ள? தண்ணிங்கிறா!" அவர் அவளைத் தூக்கிச் சுற்றினார்.

"சிங்களத்துல சொல்றாளேங்க."

"நாம வேலைக்குப் போனா பக்கத்து வீட்டு சோமா அக்காதானே பாத்துக்கிறாங்க? அவங்க பேசுறதத்தான் பேசுவா."

திரும்பும் வழியில் ஒவ்வோர் ஓடைக்கும் "வத்துர!" என்றாள். பஸ்ஸே சிரித்தது. பிறகு என் மடியிலேயே தூங்கிப்போனாள்.

அம்மா என்று இன்னும் சொல்லவில்லை. சொல்லுவாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.