மீன்தொட்டி லைற்றும் கொப்பரும்

பொலிகண்டி,
10.06.2024

என் அன்பு மகன் டிலக்ஷனுக்கு அம்மா எழுதுவது. நானும் கொப்பரும் நல்ல சுகம், நீ விட்டுவிட்டுப் போன மீன்கள் எங்களைவிடச் சுகம், நீயும் அந்த நோர்வேக் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று சந்நிதி முருகனைக் கும்பிட்டுக்கொண்டுதான் தொடங்குகிறேன். நேற்றுத்தானே போனில் கதைத்தவா, இன்றைக்கு என்ன கடிதம் என்று நீ யோசிப்பாய். காரணம் இருக்கடா மோனை. நான் உன்னோடு போனில் கதைக்கும்போது கொப்பர் அடுத்த அறைக்குள் கிழிந்த வலை பொத்துகிற மாதிரி இருந்துகொண்டு காதை இங்கேதான் வைத்திருப்பார். இது அவர் கேட்கக் கூடாத கதை. முன்வீட்டு உதயகலா மகளின் பிள்ளைப்பேற்றுக்கு நாளைக்கு உங்கள் பக்கம் வெளிக்கிடுகிறா, அவவிடம் தந்துவிடுகிற ஒடியல் மாவுக்கும் மிளகாய்த்தூளுக்கும் அடியில் இதை வைத்திருக்கிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

சித்திரை வருஷம் முடிந்த கையோடு ஒருநாள் கரண்ட் கூடிக் குறைந்து வந்ததில் உன் தொட்டி லைற் செத்துப்போய்விட்டது. நீ வீடியோவில் தொட்டியைக் காட்டச் சொல்லும்போதெல்லாம் போனில் சார்ஜ் இல்லை என்று நான் சமாளித்தது இதற்குத்தான். நீ பார்த்துப் பார்த்து நட்ட செடிகள் வெளிச்சம் தேடி நோஞ்சான் பிள்ளைகள் மாதிரி நீண்டு வளர்ந்து அடியிலை பழுத்துக் கரையத் தொடங்கிவிட்டன, கொழும்பிலிருந்து ஈரப் பேப்பரில் சுற்றி பஸ்சில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாயே அந்தச் சிவத்த இலைச் செடி, அது பச்சையும் இல்லை சிவப்பும் இல்லை என்று ஒரு நிறமாகப் போனது. எனக்குத் துக்கமாய்ப் போய்விட்டது, ஆனால் யாரிடம் சொல்ல? கொப்பரைத் தெரியும்தானே. உனக்கென்று புதுப் படகுக்குச் சொல்லிவிட்டு வந்த அன்றைக்கே நீ விசா வந்த கதையைச் சொன்னாய், அன்றைக்கு வாயை மூடியவர்தான், இந்த இரண்டு வருஷமும் உன்னோடும் கதையில்லை, உன் பெயரும் அவர் வாயில் வரவில்லை. தொட்டியைக் கடந்து போகும்போதுகூட அடுத்த வீட்டுச் சாமான் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவார்.

அப்படியிருந்த மனிசன், கேள் மோனை, சோளகக் காற்றுச் சுழற்றுகிறது என்று தொழிலுக்குப் போகாமல் நின்ற ஒருநாள் நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், வீட்டு யன்னலெல்லாம் வெள்ளை வெளேரென்று பத்துகிறது! நான் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஓடிப்போனால் வலை இழுக்கும்போது படகில் பிடிக்கிற அந்தப் பெரிய லைற்றைக் கொண்டுவந்து தொட்டிக்கு மேலே கட்டிவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். மீன்களெல்லாம் பயந்து ஒரு மூலைக்குள். இதென்ன கூத்து என்று கேட்டேன். "வெளிச்சத்துக்கு மீன் வருமெண்டால் புல்லு வராதோ?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அதைவிடப் பெரிய சந்தோஷமும் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். பிறகென்ன, கொஞ்ச நாளில் தண்ணீர் முழுக்கக் கீரைக் கடையல் நிறம், கண்ணாடியில் பாசி, உள்ளே மீன் இருக்கிறதா இல்லையா என்று கையை விட்டுத் தடவித்தான் பார்க்கவேண்டும். கொப்பருக்குச் சரியான ரோஷம். கோபத்தில் தொட்டியை வெளியில் தூக்கிப் போடப் போகிறார் என்று நான் பயந்துகொண்டிருக்க அவர் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து, "வெளிக்கிடும், ரவுணுக்குப் போட்டு வருவம்" என்றார்.

நான் அந்தச் சிவத்த செடியில் ஒரு கொப்பை நுள்ளி ஜாம் போத்திலுக்குள் தண்ணீர் விட்டு மடியில் வைத்துக்கொண்டு போனேன், பஸ்சில் இருந்த சனம் எட்டி எட்டிப் பார்த்தது, பார்த்தால் பார்க்கட்டும். யாழ்ப்பாணத்தில் மீன்தொட்டிச் சாமான் விற்கிற கடை, ஜெறோம் என்று ஒரு பெடியன் வைத்திருக்கிறான், வாய் ஓயாத பெடியன். கொப்பர் போன உடனேயே இருக்கிறதுக்குள் பெரிய லைற்றைத் தா என்றார். அவன் சிரித்துக்கொண்டு, "அண்ணை மீன் பிடிக்கப் போறியளோ, செடி வளர்க்கப் போறியளோ?" என்றான். கொப்பரின் மூக்கு நுனி சிவந்ததைப் பார்க்கவேணும். நான் சண்டை வராமல் இடையில் புகுந்து போத்திலை ஒவ்வொரு லைற்றுக்கும் கீழே பிடித்துப் பிடித்துப் பார்த்தேன், சீலைக்குச் சட்டைத்துணி பொருத்திப் பார்க்கிற மாதிரித்தான். ஊதாவும் நீலமுமாக ஒரு லைற் இருந்தது, ஐயோ, அதற்குக் கீழே அவன் கடை மீன்களெல்லாம் கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரி மினுங்கின, எனக்கு அதை விட்டுவர மனமே இல்லை. கொப்பர் என்ன சொன்னார் தெரியுமா, "மீனுக்குப் பவுடர் பூசவே வந்தனாங்கள்?" என்று. அதன் பிறகு என் கையிலிருந்த போத்திலைப் பறித்துக்கொண்டு கடை வாசலுக்குப் போய் மத்தியான வெயிலில் இலையைப் பார்க்கிறார், உள்ளே வந்து லைற்றில் பார்க்கிறார், திரும்ப வெயில், திரும்ப லைற், கடைக்கு வந்த சனமெல்லாம் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கிறது. கடைசியில் வெயில் மாதிரியே வெள்ளையாக எரிகிற நடுத்தரமான ஒன்றை எடுத்து வைத்து, "இதுக்குக் கீழைதான் இலை உள்ளபடி தெரியுது" என்றார். ஜெறோம் உடனே பெட்டியை எடுத்துவந்து காட்டினான், அதுவே சரியான லைற்றாம், பெட்டியில் ஆறாயிரத்து ஐந்நூறு என்று போட்டிருக்கிறது, அது விலையில்லை, பகல் வெளிச்சத்தின் கணக்காம். வெளிக்கிடும்போது அவன் இன்னொன்றும் சொன்னான், அதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள். "எட்டு மணித்தியாலம் காணும் அண்ணை, அதுக்கு மேலை விட்டியளெண்டால் திரும்பப் பாசிதான்." கொப்பர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு நின்றவர். வீட்டுக்கு வந்து டைமரை எட்டில் வைத்ததும் அவர்தான்.

லைற்றைக் கட்டிய விதத்தையும் சொல்லவேண்டும். எவ்வளவு உயரத்தில் வைத்தால் நல்லதென்று தெரியவில்லை, ஏற்றி இறக்கிப் பார்க்கவேண்டும் என்று கூரை வளையில் ஒரு கப்பியைப் போட்டு நைலோன் கயிறு கோத்து, படகில் போடுகிற முடிச்சுப் போட்டு விட்டிருக்கிறார். காலையில் ஒரு சாண் இறக்குவார், தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து நாலு விரல் ஏற்றுவார், கதிரையைப் போட்டுக்கொண்டு பார்த்தபடி இருப்பார். அது எந்தக் கப்பி என்று உனக்குத் தெரியுமா மோனை? உன் புதுப் படகுக்கென்று எடுத்து, படகு வேண்டாம் என்றான பிறகும் எண்ணெய்ச் சீலையில் சுற்றி ஒருவரையும் தொடவிடாமல் அலுமாரிக்குள் வைத்திருந்தாரே, அதே கப்பி. நான் அதைக் கண்டுவிட்டுக் கண் கலங்கிப்போய்க் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

இனித்தான் முக்கியமான கதை. தண்ணீர் மாற்றி மாற்றிப் பாசி போய்விட்டது, சிவத்த செடி நுனியில் நல்ல செம்பருத்தி நிறத்தில் புது இலை விட்டிருக்கிறது. போன கிழமை மத்தியானம் நான் தேங்காய் துருவிக்கொண்டிருக்க, "இஞ்சேரும், ஓடியாரும்! ஓடியாரும்!" என்று கத்துகிறார், நான் என்னவோ ஏதோவென்று தேங்காய்ப்பூக் கையோடு ஓடினேன். செடி இலையெல்லாம் முத்து முத்தாகக் குமிழி! ஒவ்வொன்றாகக் கழன்று மேலே போகிறது, இன்னொன்று வருகிறது, செடி மூச்சு விடுகிறதை அப்படியே கண்ணால் பார்க்கலாம். நாங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரிக் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் சொன்னார். "உவன் இதைப் பாக்கோணும்." இரண்டு வருஷத்துக்குப் பிறகடா! நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பார்த்தால் வாயை மூடிவிடுவார்.

நேற்று நீ போனை வைத்த பிறகு வந்து, "உந்த லைற்றைப் பத்து மணித்தியாலம் விடலாமோ எண்டு அவனிட்டை ஒருக்காக் கேட்டுச் சொல்லும்" என்றார். அவன் என்றது உன்னைத்தான். ஜெறோம் எட்டு என்று சொன்னது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நான் முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டு, "உந்த லைற் கதை எனக்கு விளங்காதப்பா, நீங்களே கேளுங்கோவன்" என்றேன். எழும்பிப் போய் லைற்றை நாலு விரல் ஏற்றினார். பிறகு, அங்கே இப்போது எத்தனை மணி, உனக்கு எந்த நாள் லீவு என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகவே மோனை, வாற ஞாயிற்றுக்கிழமை வேறு ஒரு அலுவலும் வைத்துக்கொள்ளாதே, போனுக்குப் பக்கத்திலேயே இரு. அவர் எடுத்தால் எட்டுக் காணும் அப்பா என்று ஒரு சொல்லில் முடித்துவிடாதே. ஏன் எட்டு, பத்து விட்டால் என்ன வரும், உயரம் எவ்வளவு, மீன் எப்படி என்று நீட்டிக் கதை. அவர் தெரியாதவர் மாதிரிக் கேட்பார், நீயும் தெரியாதவருக்குச் சொல்கிற மாதிரியே சொல். படகுக் கதையை நீ எடுக்காதே, அவராக எடுத்தால் மறுத்துப் பேசாமல் கேள். நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு வெளியில் போ. சந்நிதியான் உன்னைக் கைவிடமாட்டான், என் பிள்ளை நூறு வயது வரைக்கும் நல்லாயிருக்க வேண்டும்.

உன் வரவுக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் காத்திருக்கும்
அன்பு அம்மா
கேதீஸ்வரி

மறந்துபோனேன், இதை வாசித்தவுடன் கிடைத்தது என்று எனக்கு வட்ஸ்அப்பில் ஒன்றும் போட்டுவிடாதே. வீடியோ எடுக்கிறது எப்படியென்று கொப்பர் காலையிலிருந்து என் போனில்தான் பழகிக்கொண்டிருக்கிறார்.