மூன்றாவது பை

அக்காவுக்கு,

நேற்று நீ போன் செய்தபோது பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. அப்பாவின் வயிற்றில் புற்றுநோய்க்கு முன்னால் இருந்த அதே கிருமி என் வயிற்றிலும் இருந்ததைச் சொல்லவில்லை. மாத்திரையெல்லாம் முடித்து, அது போய்விட்டதா என்று பார்க்கும் நாள் நேற்று.

மருந்துத் தண்ணீரைக் குடித்து, அரை மணி கழித்து ஒரு பையில் ஊத வேண்டும்; வயிற்றில் கிருமி இருந்தால் அந்த மூச்சுக்காற்றில் தெரிந்துவிடுமாம். பயத்தில் எனக்குச் சிரிப்பு பீறிட்டு, காற்றெல்லாம் வெளியே போனது.

“என்னம்மா, பொறந்தநாள் பலூனா இது? சிரிச்சு முடிச்சுட்டு ஊது, பை எங்கயும் ஓடிடாது,” என்றார் நர்ஸ். அவருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. மூன்றாவது பையில்தான் ஒழுங்காக ஊதினேன்.

இன்று காலை முடிவு வந்தது. கிருமி இல்லை. கூடப்பிறந்தவர்களும் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டுமாம். உனக்குச் செவ்வாய்க்கிழமை நேரம் வாங்கிவிட்டேன்.

உன் சின்னவள்